ரயிலுக்கு முன்னே வாடகை வந்தது

அல் ஐன் ஊரைத் தாண்டி ஓமான் எல்லைக்குப் போகும் சாலையில், சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், மூன்று ஷட்டர் போட்ட ஒரு வரிசைக் கட்டடம் இருந்தது. ஒரு ஓரத்துக் கடை மூசாவுடையது. மறு ஓரத்துக் கடை அவருடைய மச்சினன் முகம்மது சித்தீக்குடையது. நடுவில் பாகிஸ்தான்காரர் ஒருவர், பட்டாணி இனத்தவர், டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவரை நடுவில் உட்கார வைத்தது ஆண்டவனின் ஏற்பாடு என்று மூசா நம்பினார். இல்லாவிட்டால் கடைக்காரர் இருவரில் ஒருவர் இந்நேரம் மய்யித்தாகியிருப்பார், மற்றவர் ஜெயிலில் இருப்பார்.

இரண்டு கடையிலும் ஒரே பண்டம்தான். கரக் டீ, பொரோட்டா ரோல், முட்டை சாண்ட்விச். வாடிக்கையும் ஒன்றுதான்: எல்லையில் முத்திரை வாங்கக் காத்துக் கிடக்கும் வண்டிகள். அந்தப் பக்கத்தில் டீ குடிக்க யாரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. கடை முன்னால் நிறுத்தி ஒரு ஹார்ன் அடிப்பார்கள். கடைக்காரன் ஓட வேண்டும். மூசா இருபது வருடத்துக்கு மேலாக ஹார்னுக்கு ஓடிக்கொண்டிருந்தார். லீவில் காயல்பட்டினம் போயிருந்தபோது, கல்யாணப் பந்தியில் பாதிச் சோற்றில் இருந்தவர், தெருவில் ஏதோ வேன் ஹார்ன் அடித்ததும் விசுக்கென்று எழுந்து, எத்தனை டீ என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. சம்பந்தி வீட்டார் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் இந்த நாட்டுக்கு வந்தது டீ போட அல்ல, அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு கம்பெனிக்குக் கேம்ப் பஸ் ஓட்ட. கடை வைத்த பிறகும் பஸ் லைசென்ஸை விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தார். எதற்கு என்று கேட்டால், என் டீயை நானே குடித்துப் பார்த்திருக்கிறேன், ஒரு முன்னெச்சரிக்கைதான் என்பார். அந்த டீயைக் குடித்துக் குடித்தே அவருக்குச் சீனி வியாதியும் வந்து சேர்ந்திருந்தது.

மூசாவின் மனைவி பெயர் சித்தி மரியம். சித்தீக் அவளை லாத்தா என்று கூப்பிடும் தம்பி. விசா எடுத்துக் கொடுத்து, டிக்கெட் போட்டு, ஏர்போர்ட்டுக்குப் போய் மூசாவே கூட்டி வந்த எதிரி. ஐந்து வருடம் மூசாவிடம் டீ ஆற்றக் கற்றுக்கொண்டான். ஆறாவது வருடம் அதே வரிசையில் மறு ஓரத்துக் கடை காலியானபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எடுத்து, அதே டீயை மூசாவைவிடக் குறைந்த விலைக்கு ஆற்ற ஆரம்பித்தான். அன்றோடு பேச்சு அறுந்தது. எந்த ஹார்ன் யாருக்கு அடித்தது என்பதில் மட்டும் அவ்வப்போது இருவரும் ஒரே வண்டிக்கு ஓடி, ஓட்டுநரின் இரண்டு காதிலும் ஆளுக்கொரு பக்கமாகத் திட்டிக்கொள்வார்கள்.

இந்த நிலையில்தான் ரயில் வந்தது. ரயில் என்றால் பேச்சாக வந்தது. எல்லையைத் தாண்டிப் போகும் அதிவேக ரயிலாம், ஸ்டேஷன் இங்கேதான் பக்கத்திலாம். அதுவரை ஒட்டகம்கூட நின்று பார்க்காத மணலில் கோட்டு போட்டவர்கள் இறங்கி நின்று போட்டோ எடுத்தார்கள். பின்தெருவில் பேச்சிலர் ரூம்களில் கட்டிலுக்குக் கட்டில் வாடகை ஏறியது. ரயில் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. வாடகைக்கு மட்டும் தெரிந்திருந்தது, மேலே.

மூசாவுக்கு அந்த ரயிலைக் கண்ணால் காணும் முன்பே பிடிக்கவில்லை. எல்லையில் ஆட்கள் காத்துக் கிடப்பதுதான் அவர் முதல். வாயில் நுழையாத வேகத்தில் போகிறவனுக்கு டீயை எந்த ஜன்னலில் நீட்டுவது? ஆனால் சித்தீக் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பதாகக் கேள்வி. ஸ்டேஷன் வந்தால் கூட்டம் வரும், நம் கடை தங்கச் சுரங்கம் என்று லாரிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தானாம். அதைக் கேட்டதும் மூசாவுக்கும் சுரங்கத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. ரயிலுக்காக அல்ல. அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக.

கட்டடத்துக்காரரை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி என்று அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் தன் பெரிய வெள்ளை வண்டியில் வந்து மூசாவின் கடை முன் ஹார்ன் அடித்தார். மூசா டீயோடு ஓடினார். அர்பாப் கண்ணாடியை இறக்கி, தனக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொன்னார். மூன்று ஷட்டரும் இனி ஒரே ஆளுக்குத்தான். பஞ்சர் கடை காலி. யார் அதிகம் தருகிறாரோ அவருக்கு. மூசா ஒரு தொகை சொன்னார். அர்பாப் தலையாட்டிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்து, மறு ஓரத்தில் நிறுத்தி ஹார்ன் அடித்தார். சித்தீக் டீயோடு ஓடினான். சற்று நேரத்தில் வண்டி முன்னால் வந்து மூசாவுக்கு ஹார்ன் அடித்தது.

இப்படியே வாராவாரம் நடந்தது. அர்பாப் ஒருமுறைகூட வண்டியை விட்டு இறங்கவில்லை. முன்னால் ஒரு டீ, பின்னால் ஒரு டீ, ஒவ்வொரு டீக்கும் வாடகை ஒரு படி மேலே. இருவரும் நேரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் பழைய வாடகையோடு வீட்டுக்குப் போயிருப்பார். பேசிக்கொள்ளாத இரண்டு வாடகைக்காரர் கிடைப்பது எந்த ஸ்டேஷனையும்விடப் பெரிய அதிர்ஷ்டம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாடகை இரண்டு மடங்கைத் தாண்டி மூன்றாவதை எட்டிப் பார்த்தது. பட்டாணி தன் டயர்களை லாரியில் ஏற்றிவிட்டு, ரயில் வருமோ வராதோ, நீங்கள் இரண்டு பேரும் தடம் புரண்டாயிற்று என்று இந்தியில் வாழ்த்திவிட்டுப் போனார்.

அந்த வாரம் சித்தி மரியம் போன் செய்தாள். தம்பியைப் பற்றி அவள் புருஷனிடம் வாய் திறப்பதே இல்லை. அன்று திறந்தாள்.

“நஜீஹா வீட்டு மேல கடன் வாங்க ஆள் பாத்துக்கிட்டு இருக்கானாம். அவ வாப்பா அவளுக்குக் கட்டிக் குடுத்த வீடு. நீங்க நிறுத்துனாத்தான் அவன் நிறுத்துவான். அவனா நிறுத்த மாட்டான், நீங்க வளத்த புள்ளைதானே.”

நஜீஹா சித்தீக்கின் மனைவி. காயல்பட்டினத்தில் வீடு என்றால் பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டியதுதான். மூசா அப்படித்தான் இருக்கிறார், சித்தீக்கும் அப்படித்தான். அந்த ஊர் ஆண்பிள்ளை தன் பேரில் வைத்திருப்பது பாஸ்போர்ட் ஒன்றுதான், அதையும் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். பெண்டாட்டி வீட்டில் கை வைக்கிறவன் அதற்கப்புறம் எந்த வாசலில் செருப்பைக் கழற்றுவான்?

மூசா போனில் கத்தினார். உன் தம்பி என் முதுகில் குத்தியபோது எங்கே போயிருந்தாய் என்றார். அவன் நடுத்தெருவில் நின்றால் எனக்கென்ன என்றார். போனை வைத்த பிறகு, யாரும் ஹார்ன் அடிக்காமலே ஒரு டீயை ஊற்றிக்கொண்டு வெளியே வந்து, வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அர்பாப் வந்து ஹார்ன் அடித்தார். மூசா டீயை நீட்டிவிட்டு, கலாஸ், முடிந்தது, எனக்குக் கடை வேண்டாம் என்றார். அர்பாப் கொஞ்ச நேரம் டீயைக் குடிக்கவே மறந்துபோனார். பிறகு வண்டி பின்னால் போயிற்று. மறு ஓரத்தில் ஹார்ன் அடித்தது. கடைசியாகச் சொன்ன வாடகைக்கு மூன்று ஷட்டரும் சித்தீக்குக்கு முடிந்தது. மூசா பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு தன் கடையைக் காலி செய்தார். ஏலம் அதோடு நின்றதால் சித்தீக்கின் கைக்காசிலேயே அட்வான்ஸ் அடங்கியது, நஜீஹாவின் வீடு தப்பியது.

ஏன் விட்டாய் என்று லாரிக்காரர்கள் கேட்டார்கள், பள்ளிவாசலில் கேட்டார்கள். மனது கேட்கவில்லை என்று சொல்லலாமா? இத்தனை வருடப் பகைக்கு அப்புறம் என்ன மரியாதை? அதனால் மூசா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: மச்சானை ஏற்றி ஏற்றி விட்டேன், உச்சிக்குப் போனதும் ஏணியை எடுத்துவிட்டேன், இனி அவன் இறங்குகிற அழகை நான் கீழே நின்று பார்க்கப் போகிறேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. கேட்டவர்கள் போகிற கடையிலெல்லாம் சொன்னார்கள்.

அவர் வாய்முகூர்த்தம் அப்படி. சித்தீக் மூன்று கடையையும் இடித்து ஒன்றாக்கி, ஸ்டேஷன் கஃபடீரியா என்று விளக்குப் பலகை மாட்டிய கொஞ்ச நாளில் ரயில் வேலைக்காரர்கள் வந்தார்கள். கடைக்கு முன்னால் ஆளைவிட உயரமான தகரத் தடுப்பு ஒன்றை, சாலை நெடுகக் கட்டிக்கொண்டே போனார்கள். சாலையைத் திருப்பி மணலுக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். கடை தடுப்புக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. வண்டி இல்லை, வரிசை இல்லை, ஹார்ன் இல்லை. தடுப்பின் வெளிப்பக்கத்தில் வரப்போகும் ஸ்டேஷனின் பெரிய படம் ஒட்டியிருந்தது. அதில் அழகழகான ஆட்கள் கையில் கோப்பையோடு சிரித்தார்கள். அந்தப் படத்துக்குச் சரியாகப் பின்னால் சித்தீக் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். வாடகை மட்டும் திருப்பிவிட்ட சாலையில் போகாமல், மாதாமாதம் நேராக அவனிடம் வந்தது.

ஊரே மூசாவின் மூளையை மெச்சியது. லாரிக்காரர்கள் முதுகில் தட்டினார்கள். எனக்குத் தடுப்பு வரப்போவது தெரியாது என்று அவர் அடித்துச் சொன்னால் இன்னும் பலமாகத் தட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைப் புத்திசாலி என்று நாலு பேர் சொல்லக் கேட்டார், அதுவும் இப்படி.

பேச்சு அறுந்த இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சித்தீக் போன் செய்தான்.

“மச்சான், தகரம் அடைக்கப் போறது தெரிஞ்சுதானே ஒதுங்குனிய? கதையெல்லாம் வேணாம். ஆமாவா, இல்லையா?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் நாக்கு மூசாவுக்கு. அன்று அது கணக்குப் பார்த்தது. இல்லை என்றால், பின் ஏன் விட்டாய் என்று கேட்பான். உன் பெண்டாட்டி வீட்டுக்காக என்று சொல்ல வேண்டும். கடையையும் இழந்து, அந்தக் கடையே எதிரி போட்ட பிச்சை என்றும் தெரிந்தால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஏமாந்தவனாக இருப்பது அவனுக்கு அதைவிடத் தேவலை.

“ஆமா,” என்றார் மூசா.

அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை, அதுவும் மூசா கற்றுக்கொடுத்ததுதான். போன் கட்டானது.

அதன்பின் மூசா சும்மா இருக்கவில்லை. பழைய லைசென்ஸைத் தூசி தட்டி எடுத்தார். ரயில் வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு ஓட்டுநர் வேண்டும் என்றதும் போய்ச் சேர்ந்துகொண்டார். தனக்குப் பிடிக்காத ரயிலுக்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

முதல் நாள் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும், ஆட்களை ஏற்றிக்கொண்டு கேம்புக்குத் திரும்பும்போது, அவர் நேரே வெளிவாசலுக்குப் போகவில்லை. தடுப்பின் உட்பக்கமாக மண்பாதையில் திருப்பி, விளக்கு எரியாத அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தி ஹார்ன் அடித்தார்.

யாரும் வரவில்லை. அந்தக் கடை ஹார்னையே மறந்திருந்தது. மறுபடி அடித்தார், நீளமாக. சித்தீக் அரக்கப்பரக்க ஓடி வந்தான். கால் பழக்கம் அது, கண் பார்ப்பதற்கு முன்னாலேயே ஓடிவிடும். பஸ் வரைக்கும் வந்த பிறகுதான் ஸ்டியரிங்கில் இருப்பது யார் என்று பார்த்தான். முகம் கறுத்தது. ஜன்னல் நெடுகத் தலைகள்.

“இத்தனை பேரு முன்னால என்னைய அசிங்கப்படுத்தணும்னு கூட்டிட்டு வந்திருக்கிய.”

“நாப்பது பேரு,” என்றார் மூசா. “ஒனக்கு டீ போடத் தெரியாதுன்னு எவ்வளவோ சொன்னேன். நம்ப மாட்டேங்கிறானுவ. குடிச்சுப் பாத்துத்தான் நம்புவானுவளாம்.”

சித்தீக் அவரைப் பார்த்த பார்வையில் டீ தானாகக் கொதித்திருக்கும். பஸ்ஸில் ஏறி இரண்டு அறை விடப் போகிறான் என்றே மூசா நினைத்தார், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் திரும்பி உள்ளே போனான். அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தட்டுத் தட்டாக டீ வந்தது. பின்சீட்டிலிருந்து யாரோ பொரோட்டா இருக்கா என்றார்கள். அதுவும் வந்தது.

எல்லோரும் குடித்து முடிக்கும் நேரத்துக்கு, கடைசியாக ஒரு கோப்பை ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்தது. மூசா அதைக் கேட்கவில்லை. கரக் டீயில் சீனி கொதிக்கும்போதே சேர்ந்துவிடும். சீனி இல்லாமல் வேண்டும் என்றால் தனியாக ஒரு பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற வேண்டும். அவர் ஒரு வாய் குடித்தார். சீனி இல்லை.

“லாத்தாவுக்கு என்னால பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது,” என்றான் சித்தீக், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “இதுக்கும் காசு வைங்க.”

மூசா காசை வைத்தார். தண்ணியாக இருக்கிறது என்று சொல்லவும் மறக்கவில்லை.

“நாளைக்கு இந்தப் பக்கம் வராதிய,” என்றான்.

மூசா கியரைப் போட்டார். “எத்தனை மணிக்கு வரக் கூடாது?”

சித்தீக் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கடைக்குள் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

“இதே நேரத்துக்கு.”