பேச்சில்லாத கடை

அந்தக் கடைக்குள் நுழைந்தால் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்கும். ரேடியோ கிடையாது, டிவி கிடையாது, "என்ன சார், ஆளையே காணோம்" கிடையாது. வாசலில் ஒரு படப் பலகை. எந்த மாதிரி வெட்ட வேண்டுமோ அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு உட்கார வேண்டியதுதான். தண்ணீர் சூடு அதிகமென்றால் கையைத் தூக்கலாம். முடிந்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள். தலையாட்டிவிட்டுக் கிளம்பலாம். "இங்கே உங்கள் காதுக்கும் ஓய்வு" என்று சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள்.

நாளெல்லாம் எவனிடமாவது பேசியே ஓய்ந்துபோகிறவர்களுக்காக ஒரு கம்பெனி கண்டுபிடித்த யோசனை இது. கேட்டவர்களுக்கெல்லாம் கிளை கொடுத்துக்கொண்டிருந்தது. பெரியவன் அதில் ஒன்றை எடுத்தான். தெருவில் முதலில் கேலி செய்தார்கள், சாமியார் கடை என்று பெயர் வைத்தார்கள். பிறகு கேலி செய்தவர்களே வந்து வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பெரியவன் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அவனுக்கு ஒரு தம்பி, சின்னவன். இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. சாமியார் கடைக்கு முன்னால் அதே தெருவில் இரண்டு நாற்காலி போட்டு இருவரும் சேர்ந்துதான் முடிவெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவனுக்குக் கை சுத்தம். சின்னவனுக்குக் கை சுமார், ஆனால் வாய் இருக்கிறதே, அது தனி ரகம். மகளுக்கு வரன் தேடுகிறவனுக்கு மாப்பிள்ளை சொல்லுவான். வேலை போனவனுக்கு இன்னொரு வேலை எங்கே காலி என்று சொல்லுவான். ஒன்றும் இல்லாதவனுக்கு ஒரு பொய்யாவது சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்புவான். பெரியவனின் நாற்காலி காலியாகக் கிடந்தாலும், "பரவாயில்லண்ணே, சின்னவரு முடிக்கட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவன் ஈ ஓட்டிக்கொண்டு நிற்பான்.

இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. ஆனால் கம்பெனிக்காரர் வந்து, "எங்க கடையில பேச்சே கிடையாது சார், கைவேலைதான் பேசும்" என்று சொன்னபோது அவன் வயிற்றில் ஏதோ குளிர்ந்தது. தம்பியைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டான்.

சின்னவன் முட்டாள் இல்லை. கேள்விப்பட்டதும், "என் வாயை அடைக்கத்தானே இந்தக் கடை?" என்று ஒரு தடவை கேட்டான். பெரியவன், "தொழில்டா இது, நீ வேற" என்று மழுப்பினான். சின்னவனும் கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். முதல் நாள் மதியம்வரை தாக்குப்பிடித்தான், பாவம். மதியத்துக்கு மேல் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம் அது. சின்னவன் குனிந்து, "அக்காவுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று காதோடு கேட்டான். அவர் சொல்ல ஆரம்பித்தார், அப்படியே அழ ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளித்தார்.

பெரியவன் கடை நடுவில் நின்று, "வாயை மூடிக்கிட்டு வேலை செய்யறதுன்னா செய், இல்லன்னா வெளியே போ" என்றான். அன்று அந்தக் கடையில் சத்தமாகப் பேசியது அவன் ஒருவன்தான். சின்னவன் கையிலிருந்த சீப்பைத் துடைத்து வைத்துவிட்டு, அழுதவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஊரின் மறுகோடியில் யாருடைய கடையிலோ ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருப்பதாகக் காதில் விழுந்தது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. ஒரு கல்யாணத்தில் எதிரெதிரே வந்தபோது இரண்டு பேரும் செல்போனைப் பார்த்தார்கள்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவன் உள்ளே வந்தான். டோக்கன் எடுத்தான். படப் பலகையில் ஒரு படத்தைத் தொட்டான். நேராக அண்ணன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

முடிவெட்டுகிறவனுக்கு ஊரார் தலையெல்லாம் எட்டும், தன் தலை எட்டாது. மீசை முளைத்த நாளிலிருந்து இவன் தலையை அவனும் அவன் தலையை இவனும்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் பின்னந்தலையைப் பார்த்ததும் பெரியவனுக்கு மனசு என்னவோ செய்தது. எவனோ கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தான். காதுக்குப் பின்னால் ஒருபக்கம் ஏற்றம், ஒருபக்கம் இறக்கம். பெரியவன் துணியைப் போர்த்தி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு அதைச் சரிசெய்தான். கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்தார்கள். பின்கண்ணாடியைப் பிடித்ததும் சின்னவன் தலையாட்டினான், காசு வைத்தான், போனான்.

அன்றைக்குப் பெரியவனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னான்.

"என்ன பேசுனீங்க?" என்றாள் அவள்.

"கடையில எப்படிப் பேசறது?"

"வெளியே கூட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேச வேண்டியதுதானே? அதுக்குமா கம்பெனிகிட்ட கேக்கணும்?"

"அடுத்த தடவை வரட்டும்."

அடுத்த மாதமும் வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை என்றால் பெரியவன் காலையிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்க மாட்டான். உண்மையைச் சொன்னால், பேச்சில்லாததே அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. பேசினால் பழசைப் பேச வேண்டும். பழசைப் பேசினால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கே அதெல்லாம் வேண்டாம், தம்பியின் தலை கைக்குள் இருக்கிறது, அது போதும். உலகத்திலேயே தாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் இருக்க முடிகிற ஒரே இடத்துக்குத் தானே முதலாளி என்று நினைத்துக்கொண்டான். சின்னவனும் அதே நினைப்பில்தான் வருகிறான் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டான். மனைவி மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரா வந்து படியேறிட்டாரு. நீங்க வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

இதற்கிடையில் கம்பெனி இரண்டாவது கிளையும் தருவதாகச் சொன்னது. கடையைப் பார்த்துவிட்டுப் போக ஒரு மேற்பார்வையாளர் வந்தார். சத்தத்தை அளக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி வைத்திருந்தார். அதைப் பெஞ்சில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். வேலைக்காரர்கள் மூச்சுகூட மூக்குக்குள்ளேயே விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் வந்தான். மாதக் கடைசி இல்லை. போன தடவை வெட்டிய முடி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. டோக்கன் எடுக்கவில்லை, படத்தைத் தொடவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். வெட்ட ஒன்றுமில்லாததால் பெரியவன் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவன் முகத்தில் போட்டான். சின்னவன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

கடையே திரும்பிப் பார்த்தது. மேற்பார்வையாளர் கருவியைப் பார்த்தார். பெரியவன் உதட்டில் விரலை வைத்தான். வைத்ததோடு நிற்காமல், அந்த விரலாலேயே சுவரில் இருந்த எழுத்தையும் காட்டினான். சின்னவன் அதை முழுசாகப் படித்தான், ஏதோ முதல் தடவை படிப்பவன் மாதிரி. பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

ராத்திரி போன் செய்துகொள்ளலாம் என்று பெரியவன் நினைத்தான். ராத்திரி, நாளைக்கு என்று நினைத்தான். அப்புறம் புதுக் கிளைக்கு இடம் பார்க்க, நாற்காலி பார்க்க என்று அலைச்சல் வந்துவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் சின்னவன் மனைவியிடமிருந்து போன் வந்தது. வேலை செய்துகொண்டிருந்தபடியே சின்னவன் கீழே விழுந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. உயிருக்கு ஒன்றுமில்லை, வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று.

சரியாகச் சொன்னால் பேச்சு முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. தண்ணி. பசித்தாலும் தண்ணி, வலித்தாலும் தண்ணி, மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் அவனைப் பார்த்து ஆசையாகத் தண்ணி. முதல் சில நாள் அவன் மனைவி ஒவ்வொரு தடவையும் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர்தான் விளக்கினார். நாம் சொல்வது அவருக்குப் புரியும், அவர் நினைப்பதும் சரியாகத்தான் இருக்கும், வெளியே வரும்போது அந்த ஒரு வார்த்தையாகத்தான் வரும், எழுத்தும் அப்படித்தான். இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் கிறுக்கல்தான் வந்தது. காலம் போகப் போகக் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பெரியவன் கத்தரிக்கோலும் சீப்பும் துணியும் எடுத்துக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்ததில் முடி காதை மூடியிருந்தது. சின்னவனை ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் ஒருபக்க வாய் மட்டும் சிரித்தது. "தண்ணி" என்றான்.

அவன் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "மாமா, அன்னிக்கு உங்ககிட்ட ஏதோ சொல்லணும்னுதான் கடைக்கு வந்தாரு. என்னன்னு நான் கேட்டேன். முதல்ல அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்து உனக்குச் சொல்றேன்னாரு. உங்ககிட்ட சொன்னாரா?" என்றாள்.

பெரியவன் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லம்மா" என்றான். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அது எந்த மாதிரிக் கடை என்று அவளுக்குத் தெரியும்.

துணியைப் போர்த்தி ஒருபக்கம் வெட்டினான். கத்தரிக்கோலை வைத்துவிட்டு முன்னால் வந்து தம்பியின் முழங்காலடியில் உட்கார்ந்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்டா. உன்னை அன்னிக்கு வெளியே போன்னு சொன்னதும் தப்பு, இந்தக் கடையை எடுத்ததே தப்பு. எல்லாரும் உன் நாற்காலிக்கே வந்தாங்கன்னு எனக்குப் பொறாமைடா. வேற ஒண்ணும் இல்ல." இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது இவ்வளவு சீக்கிரம் சொல்லி முடிகிற விஷயமா என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது. "அன்னிக்கு என்னடா சொல்ல வந்தே? பணம் கிணம் வேணுமா? பையன் படிப்பா? உடம்புக்கு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா? கடைக்குத் திரும்பி வரணும்னு நினைச்சியா?"

ஒவ்வொன்றுக்கும் சின்னவன் தலையை இல்லை என்று அசைத்தான். பெரியவனுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. தம்பியைப் பற்றித் தனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா என்று வெட்கமாக இருந்தது.

அப்போது சின்னவன் இடது கையைத் தூக்கி, பொறு என்று காட்டினான். நிமிர்ந்து உட்கார்ந்தான், பேச ஆரம்பித்தான். தண்ணி, தண்ணி தண்ணி, தண்ணி. பழைய சின்னவனேதான். அதே இழுப்பு, அதே நிறுத்தல், குரலைத் தாழ்த்தி ஒரு ரகசியம், நடுவில் ஒரு சிரிப்பு, யாரையோ திட்டுவதுபோல ஒரு வேகம். ஒரு இடத்தில் குரல் கம்மியது. அந்த இடம் தாண்டியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான். பெரியவன் இமைக்காமல் கேட்டான். நீண்ட நேரம் பேசி, கடைசியில் ஒரு கேள்வியோடு முடித்தான். கேள்விதான் அது, சந்தேகமே இல்லை. "தண்ணி தண்ணி?" என்று கேட்டுவிட்டு, பாரத்தை இறக்கிவைத்தவன்போல மூச்சை விட்டு, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதில் சொல்லியாக வேண்டும். "ஆமாடா" என்றான் பெரியவன். "ஆமா."

சின்னவனின் முகம் விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்த பாதி வாயும் விழுந்தது. பெரியவன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லடா, இல்ல, இல்லவே இல்ல" என்றான்.

சின்னவன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேட்டதில் ஒரு எழுத்துகூட இவனுக்குப் புரியவில்லை என்று அவனுக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வெட்டாமல் விட்ட பக்கத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாதித் தலையோடு விட முடியாது. பெரியவன் எழுந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றான். மிச்சத்தை வெட்டி முடிக்கும்வரை சொல்வதற்கு அவனுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.