ருக்னுதீன் கடைக்குப் பின்னால் இரண்டு குழி

சாஆ என்கிற சின்ன ஊரில் எது நடந்தாலும் ருக்னுதீன் சாப்பாட்டுக் கடையின் கல்லாவுக்குத்தான் முதலில் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி சம்சாத் பேகம் ஆயிற்றே.

கடைக்குப் பின்னால் இரும்புத் தூண் நிறுத்தி, மாடியில் விருந்து மண்டபம் கட்ட ஆசைப்பட்டார் ருக்னுதீன். பக்கத்து ஊர் சிகாமட்டில் நிலநடுக்கம் வந்ததிலிருந்து அவருக்கு இரும்பின்மேல் திடீர்ப் பாசம். வரைபடம் போட வந்தவள் இன்ஜினியர் லோஷினி. சிங்கப்பூர் வேலையை உதறிவிட்டு வந்து, தன் சொந்தக் கையெழுத்தில் அவள் செய்யும் முதல் கட்டடம் இது. கவலையில் இளைத்துவிட்டதாக அவளே சொல்லிக்கொண்டாள். கடையில் அவள் சாப்பிட்ட ரொட்டிக்கு அது தெரியவில்லை.

வரைபடத்தில் தூண்கள் எட்டு. அதில் இரண்டுக்கு நடுவே மட்டும் பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கம்பி. அந்த இரண்டுக்குக் கீழே மட்டும் ஆளை நிற்கவைத்து மூடுகிற ஆழத்தில் குழி.

"யாரைம்மா புதைக்கப் போறே?" என்றார் ருக்னுதீன்.

"பாய், நிலம் பக்கவாட்டுல ஆடுனா குறுக்குக் கம்பி ஒரு தூணைக் கீழ அழுத்தும், இன்னொன்னை மேல இழுக்கும். கட்டடம் கால் தூக்கும். அடியில கான்கிரீட் கனமா இருந்தாத்தான் பிடிச்சு வைக்கும்."

"கால் தூக்க அது என்ன நாயா?"

ஆறு மேசையும் சிரித்தன. லோஷினிக்குக் காது சிவந்தது. அந்த மேல்நோக்கிய இழுப்பைச் சொல்லத் தமிழ் கைவிட்டதால் இங்கிலீஷுக்குத் தாவினாள்.

"அப்லிஃப்ட், பாய்! ரெண்டு தூணுக்கும் அப்லிஃப்ட் இருக்கு!"

"சின்னதாப் போடு லா. இல்லேன்னா வேற இன்ஜினியரைப் பார்க்குறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

சின்னக் குழிக்கு அவள் கையெழுத்துப் போட மாட்டாள். போடாவிட்டால் வேலை போச்சு.

கல்லாவிலோ, மிக்ஸி சத்தத்தில் சம்சாத் பேகத்துக்குப் பாதிதான் கேட்டது. லிஃப்ட். அதுவும் இரண்டு! தன் முழங்கால் வலிக்கு இதைவிட என்ன வேண்டும்? உடனே ஆயர் ஈத்தாம் ஊரில் இருக்கும் தங்கைக்குப் போன். அங்கிருந்து செய்தி வளைந்து நெளிந்து எதிர்க்கடைப் போட்டியாளர் முஜிபுர் ரஹ்மான் காதுக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை அவரே தெருவைத் தாண்டி வந்தார்.

"என்ன ருக்னுதீன் நானா, ஒரு மாடிக்கு ரெண்டு லிஃப்ட்டாமே? அதுக்கு ஆழமாத் தோண்டணுமே, உங்களால ஆகுமா?"

இல்லை என்று சொல்லத்தான் ருக்னுதீன் வாயைத் திறந்தார். எதிரில், சீனி போடாத கோப்பி குடித்த மாதிரி முஜிபுர் முகம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க யாருக்கு மனசு வரும்?

"ஏன் ஆகாது? வரைபடத்துல ஒரு இஞ்சு குறையாது!"

லோஷினியிடம் போனில் "தோண்டு தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். மனுஷருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று லோஷினி பூரித்துப் போனாள்.

கான்கிரீட் லாரி வந்த அன்று முஜிபுர் குழி ஓரத்தில் நின்றார். "தங்கச்சி, நெசமாச் சொல்லு. இது லிஃப்டுக்குத்தானே?"

அப்லிஃப்ட் லிஃப்ட் ஆன கதை அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இல்லை என்று சொன்னால், மானம் போன ருக்னுதீன் இன்றைக்கே குழியை மூடிவிடுவார். லாரி உறுமிக்கொண்டிருந்தது. ருக்னுதீன் அவளைப் பார்த்தார்.

"அப்லிஃப்டுக்குத்தான் பாய்," என்றாள் லோஷினி. பொய் ஒரு சொட்டு இல்லை.

"கேட்டுக்கிட்டியா?" என்று முஜிபுரிடம் சொல்லிவிட்டு ருக்னுதீன் லாரிக்குக் கைகாட்டினார். கான்கிரீட் மளமளவென்று இறங்கியது.

சம்சாத் பேகம் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, பட்டன் எந்தப் பக்கம் வரும்?"

லோஷினி தூணுக்கான போல்ட்டுகளை எண்ணத் தொடங்கினாள்.