கடிதத்தில் கட்டிய வீடு

என் புருஷன் ரூபனுக்கு நெசவு தெரியும். அமெரிக்காவில் இல்லினாய்க்கு வந்த மூன்று வருஷத்தில் உழவும் ஒருமாதிரி பிடிபட்டுவிட்டது. ஆனால் அவன் எதில் கெட்டிக்காரன் என்று என்னைக் கேட்டால், ஊருக்குக் கடிதம் எழுதுவதில்தான் என்பேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானதும் மைக்கூட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் என்றால், அவன் எழுந்திருப்பதற்குள் எங்களுக்கு ஒரு மாடி முளைத்திருக்கும்.

நாங்கள் குடியிருந்தது மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்கில் களிமண் அப்பிய ஒற்றை அறை. தரை வெறும் மண். பெருமழை பெய்தால் கட்டில் கால் புதையும். கூரைக்குக் கீழே நாலு சட்டம் போட்டு மக்காச்சோளக் கதிர்களை அடுக்கியிருந்தோம். அதன்மேல் கோழிகள் தூங்கும். அதைத்தான் ‘மாடியில் ஒரு படுக்கையறை’ என்று எழுதினான். ஓடைவரை வாளியைச் சுமந்து நடப்பவள் நான். கடிதத்திலோ வாசலிலேயே கிணறு. முயல் கடித்தது போக மிஞ்சியிருந்த ஆப்பிள் குச்சிகள் ‘பழத்தோட்டம்’ ஆயின. வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு போதகர் குதிரையில் வந்து, பக்கத்துப் பண்ணைக்காரர் டாகெட்டின் கொட்டகையில் பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். அதுவும் ‘தேவாலய மணி எங்கள் காதில் விழும்’ என்று ஆகிவிட்டது.

“ஏன் இப்படி அளந்து விடறே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பொய் இல்லடி கெசியா. வரப்போறதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்றேன். அவ்ளோதான்.”

அவன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் எங்கள் ஊருக்கு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தால், அது ஒரு வீட்டுக்கு வந்த கடிதம் இல்லை, ஊருக்கே வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெபக்கூடத்தில் பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து நின்று வாசிப்பார். ஒருவர்கூட வெளியே போகமாட்டார். முன் பெஞ்சில் மில் முதலாளி உட்கார்ந்திருப்பார். நாங்கள் கிளம்பும்போது, “ஒரு வருஷத்துல பிச்சை எடுத்துக்கிட்டு வந்து நிப்பே பாரு,” என்று ரூபனிடம் சொன்ன அதே மனுஷர். ரூபன் எழுதிய ஒவ்வொரு வரியும் அவருடைய காதைக் குறிவைத்து எழுதியதுதான். அந்த முதலாளியின் முகத்தை நினைத்தால் எனக்கும் இனிக்கத்தான் செய்தது. சும்மா சொல்லக்கூடாது.

ஆனால் அப்படி வாசிக்கும் கடிதத்தில் ஒரு பெண்பிள்ளை என்ன சொல்லி அனுப்ப முடியும்? எனக்கு வாசிக்கத் தெரியும், எழுத வராது. ஞாயிறு பள்ளியில் பெண்களுக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ரூபனின் அண்ணன் பெண்டாட்டி லிடியாவுக்கு அதுவும் தெரியாது. நானும் அவளும் ஒரே தறிக்கொட்டகையில் வேலை செய்தவர்கள். எங்கள் சந்தில் பிறந்த பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவேண்டுமென்றால் நடுவில் என் புருஷன் எழுதவேண்டும், வாத்தியார் வாசிக்கவேண்டும், முதலாளி கேட்கவேண்டும்.

அந்த வருஷம் பிப்ரவரியில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்ததும் ரூபன் ஆள் தேடி ஓடினான். பனி இடுப்பளவு. பத்து மைலுக்குள் பெண் வாசனையே கிடையாது. டாகெட்டோ பெண்டாட்டி செத்த மனுஷர். ரூபன் ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை இரண்டு நாள் இருந்தாள். அதற்குப் பின் ஊருக்குப் போன கடிதத்தில் எங்கள் பன்றியின் எடை இருந்தது; அவள் இல்லை. எழுதட்டுமா என்று ரூபன் கேட்டான்தான். வேண்டாம் என்றேன். வாத்தியார் வாயால் அதைக் கேட்டு முதலாளி தலையாட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மே மாதம் பிக்கர்ஸ்கில் என்று ஒரு குடும்பம் பக்கத்து நிலத்தைப் பார்க்க வந்தது. சுத்தமான மேலங்கியை மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் வண்டியிலிருந்தபடியே எங்கள் வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இறங்கவே இல்லை. மறுநாள் காலையில் வண்டி வந்த வழியே போய்விட்டது. அவளைத் திட்டித் தீர்த்தேன், பிறகு ஓடைக்கரையில் போய் அழுதேன். ஏனென்றால் அதற்குள் எனக்கு மறுபடியும் நாள் தள்ளியிருந்தது. ஜனவரியில் ஆகும். மறுபடியும் பனி, மறுபடியும் தனி.

ஜூலையில், கோதுமை அறுத்துக்கொண்டிருக்கும்போது, ரூபனின் அண்ணன் ஜெத்ரோவிடமிருந்து கடிதம் வந்தது. மில் வந்தபின் கைத்தறிக்கு வேலையே இல்லை, தறிகளை விற்றுவிட்டோம், ஜூலைக் கடைசியில் லிவர்பூலில் கப்பலேறுகிறோம், அக்டோபரில் அங்கே இருப்போம். ‘லிடியாவுக்கு மனமில்லை. வேறு வழியில்லாமல்தான் வருகிறாள்’ என்று கடைசி வரி.

ரூபனின் முகம் வெளுத்துப்போனது. பதில் போய்ச் சேருமுன் அவர்கள் பாதிக் கடலில் இருப்பார்கள்.

“இப்ப என்னடி பண்றது? மாடி எங்கேன்னு கேப்பாளே!”

“நீதானே எழுதினே. நீயே கட்டு.”

“எதை?”

“எழுதினது எல்லாத்தையும்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். லிடியா வண்டியைவிட்டு இறங்கவேண்டும். ஜனவரியில் அவள் என் பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்கு ஒரு மாடிதான் வேண்டுமென்றால் மாடி. அவன் எழுதிய ஒவ்வொரு புளுகும் எனக்கு மனப்பாடமாக இருந்தது. ஒன்றையும் விடுவதாக இல்லை.

முதலில் தரை. ஓக் மரங்களை வெட்டி, பிளந்து, கோடரியால் செதுக்கிப் பதிக்கவேண்டும். ஆகஸ்ட் பிறந்ததும் ரூபனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இங்கே எல்லாருக்கும் வருவதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் பல் கிட்டிக்கும் அளவுக்கு உதறும். உதறாத நாளில் அவன் வெட்டுவான். உதறும் நாளில் அவன்மேல் இரண்டு கம்பளியைப் போட்டுவிட்டு நான் செதுக்குவேன்.

டாகெட் வேலிமேல் கையூன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கென்டக்கிக்காரர். ஆள் நெட்டை, நாக்கு அதைவிட நீளம்.

“இங்கிலாந்து ராணியா வர்றாங்க, மேடம்?”

“அவங்களைவிடப் பெரிய ஆளு. கோடரி பிடிக்கத் தெரிஞ்சா உள்ள வாங்க, தெரியாட்டி வழியை விடுங்க.”

தெரிந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் வந்தார், தினமும் கிண்டலடித்தார். ஆப்பிள் கன்றுகளைச் சுற்றி நான் முள்வேலி போட்டபோது, “ஓ, இதுதான் தோட்டமா? கோழியை விரட்டறதுக்குக் குச்சி நட்டு வச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!” என்றார்.

கிணறுதான் எங்களைக் கொன்றது. முதலில் வெட்டிய குழியில் பாறை வந்தது. ரூபன் மண்வெட்டியை எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“கிணறு இல்லாட்டி என்ன? ஓடைத் தண்ணி நல்லாத்தானே இருக்கு?”

“வாசல்ல கிணறுன்னு எழுதினது யாரு, ஓடையா?”

இன்னொரு இடத்தில் வெட்டினோம். டாகெட் கீழே, ரூபன் மேலே. ரூபன் உதறிய நாட்களில் நானே கயிற்றைப் பிடித்து மண் வாளியை இழுத்தேன். வயிற்றோடு இழுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். வேறு யார் இருந்தார்கள்? அக்டோபர் முதல் வாரத்தில் கீழேயிருந்து டாகெட் கத்தினார். அவர் பூட்ஸ் நனைந்துவிட்டதாம். அந்தச் சேற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி அப்படியே குடித்தேன்.

மாடிக்குப் பலகை போட்டு ஏணி வைத்தோம். கோழிகளைத் துரத்தினோம். தேவாலயம் ஒன்றுதான் பாக்கி.

“நான் வேணா ஞாயித்துக்கிழமை அந்த மேட்டுக்குப் பின்னால நின்னு மாட்டு மணியை ஆட்டட்டுமா?” என்றார் டாகெட். ரூபன் ஒரு நிமிஷம் யோசித்தான் என்பதுதான் வேடிக்கை.

அக்டோபர் கடைசியில் வண்டி வந்தது. ஜெத்ரோவின் பிள்ளைகள் மூவரும் அது நிற்குமுன்னே குதித்துக் கோழிகளைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். ஜெத்ரோ தம்பியைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. லிடியா வண்டியில் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

“இறங்கு லிடியா, வந்து பாரு!” என்று ரூபன் கூப்பிட்டான். இறங்கினாள். எனக்குப் போன உயிர் வந்தது.

தரையைக் காட்டினான். ஏணியில் ஏற்றி மாடியைக் காட்டினான். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடிக்கக் கொடுத்தான். தோட்டத்தைக் காட்டினான். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதில் குறை வைத்தேன்? அவள் நேராக வண்டிக்குத் திரும்பி, மறுபடியும் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“எல்லாம் எழுதினபடியே இருக்கு. ஒண்ணுகூடக் குறையல,” என்றாள்.

“அப்புறம் என்ன?” என்றேன்.

“வண்டிக்காரர் காலையில ஆத்துக்கரைக்குத் திரும்பறாராம். நாங்க அவரோடவே போய் அங்கேருந்து செயின்ட் லூயிஸ் பட்டணத்துக்குப் போயிடறோம். ஜெத்ரோவுக்கு ஏதாவது வேலை கிடைக்கும். உங்களுக்கு எல்லாம் அமைஞ்சுபோச்சு கெசியா, நல்லா இருங்க. நாங்க ஒண்ணுமில்லாம வந்திருக்கோம். அடுத்த வீட்டுல ஒண்டிக்கிட்டு, தின்ற ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்லிக்கிட்டு என்னால இருக்க முடியாது.”

மூன்று மாதம் உயிரைக் கொடுத்துக் கட்டியதெல்லாம் அவளை விரட்டத்தானா! எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஜெத்ரோ நிற்கிறான், டாகெட் நிற்கிறார், முன்பின் தெரியாத வண்டிக்காரர் நிற்கிறார். எவன் நின்றால் என்ன?

“அமைஞ்சுபோச்சா? அந்தத் தரை போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. கிணத்துல தண்ணி வந்தே மூணு வாரம்தான். மாடியில கோழி தூங்கிக்கிட்டு இருந்துச்சு. தேவாலயமே கிடையாது. எல்லாம் நீ வர்றேன்னு கட்டினது. பிப்ரவரில எனக்கு ஒரு பொண்ணு பிறந்தா, லிடியா. யாருமே இல்ல. கொடியை நானே அறுத்தேன். மூச்சு விடத் திணறிக்கிட்டே இருந்தா, என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டாம் நாள் போயிட்டா. மண்ணு உறைஞ்சுபோய்ப் புதைக்கக்கூட முடியாம வச்சிருந்தோம். இப்ப மறுபடியும் ஜனவரில ஆகும். எனக்குப் பயமா இருக்கு. நீ போகாதே.”

ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வண்டிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“இதை ஏன்டி எழுதல?” என்றாள் லிடியா. குரலே மாறிப்போயிருந்தது.

“எப்படி எழுதறது? வாத்தியார் நின்னு வாசிக்கறதுக்கா?”

“வாசிச்சா வாசிக்கட்டுமே! ரெண்டு வருஷமா ‘போவோம், போவோம்’னு ஜெத்ரோ கெஞ்சினான். நான்தான் மாட்டேன்னேன். மாடி இருக்கு, கிணறு இருக்கு, தோட்டம் இருக்குன்னு ஒவ்வொரு கடிதமா கேட்டேன். அவங்களுக்கு நாம எதுக்கு, போய் நின்னா இளக்காரமாத்தான் பாப்பாங்கன்னேன். ‘ஆள் இல்ல, வா’ன்னு முதல் வருஷமே ஒரு வரி எழுதியிருந்தா நான் அப்பவே கப்பல் ஏறியிருப்பேன்டி. பிப்ரவரில நான் இங்க இருந்திருப்பேன்.”

ரூபன் கிணற்றுக் கட்டைமேல் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் அவனைத் தேற்றப் போகவில்லை. போக என்னால் முடியவில்லை. இத்தனை நாள் என்னைத் தனியாக வைத்திருந்தது கடலோ பனியோ இல்லை, எங்கள் பவிசுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நிமிஷம் அவன்மேலும் என்மேலும் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே கிடையாது.

லிடியா வண்டியிலிருந்து குதித்தாள்.

“ஜெத்ரோ, பெட்டியை இறக்கு. ஏன் மரம் மாதிரி நிக்கறே?”

நேராக என்னிடம் வந்தாள். என் சால்வையை விலக்கி, கப்பல் பயணத்தில் கறுத்துப்போன அந்தக் கைகளை என் வயிற்றில் வைத்து மேலும் கீழும் அழுத்திப் பார்த்தாள். யார் முன்னால் நிற்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

“தலை மேல் பக்கம் இருக்கு,” என்றாள். “பரவாயில்ல, நாள் இருக்கு. திருப்பிடலாம்.”