மூன்று முறை வந்த அழைப்பு

பிரேமினிக்கு அலுத்துவிட்டது. பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. உத்தியோகக்காரர்கள் கூடும் அந்த இணையத்தளத்தில் சேர்ந்து ஒரு வருடம். வேலைதான் வரவில்லை, தொடர்பில் சேரச் சொல்லும் அழைப்புகள் வந்து குவிந்தன. கோட்டுப் போட்டுச் சிரிக்கும் துபாய் மேலாளர், கனடாவுக்கு ஆள் எடுக்கும் அழகி. முதலில் வந்தவரை நம்பி அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, ஆள் போலி என்று தெரிந்தபின் ஒரு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அதன்பிறகு யார் வந்தாலும் ஒரே தள்ளுதான்.

போன வாரம் வந்த எம். யோகேஸ்வரனையும் அப்படித்தான் தள்ளினாள். கொழும்புக் கம்பனியாம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீர்வீழ்ச்சி. உங்களுக்கேற்ற இடமொன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் விபரம் அனுப்புங்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. எத்தர்கள் எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்! மூன்றாம் முறையும் வந்தபோது ஆளையே தடைசெய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. அதற்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்த அவள் லயத்து ஆறாம் காம்பரா வீட்டுக் குட்டியண்ணன், கூட்டத்தில் அவளைக் கண்டதும் நேரே வந்தார்.

"ஏன் தங்கச்சி, மூணு தடவ அனுப்புனேன், ஒரு பதிலும் போடல?"

"எதண்ணே?"

"வேலைக்குத்தான். ஒன் படத்தப் பாத்துத்தான் கண்டுபுடிச்சேன். வெள்ளிக்கிழம வரைக்கும் எடத்தப் புடிச்சு வச்சிருந்தேன். நேத்து வேற புள்ளயப் போட்டுட்டாங்க."

"யோகேஸ்வரன்னா... நீங்களாண்ணே?"

பிறந்ததிலிருந்து ஒரே லயத்து வரிசை வீடுகள், தண்ணீர் பிடிப்பதும் ஒரே பீலிக் குழாயில். ஆனாலும் குட்டி என்பதைத் தவிர அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை. லயத்தில் யாரும் யாரையும் பதிவுப் பெயரால் கூப்பிடுவதில்லை.

"தமிழ்ல ஒரு வரி, நான் குட்டின்னு எழுதியிருக்கக் கூடாதா?"

"ஒபிஸ் வழியாப் போறதாச்சே, தங்கச்சி. குட்டின்னு போட்டா சிரிப்பாங்க."

அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அழக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஃபோனைத் திறந்தாள். புதிதாக ஒன்று வந்திருந்தது. சர்மிளா, கட்டார், ஆள் எடுக்கிறார்களாம். தள்ளப்போன விரல் நின்றது.

"அம்மா, நம்ம தோட்டத்துல யாருக்காச்சும் சர்மிளான்னு பேரு இருக்கா?"

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கூப்புடுற பேரச் சொல்லுடி."