சாமி பேர்

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த முனியப்பனை வெள்ளைக்கார டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார். தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து கூட வேலை செய்தவர்கள் செத்ததிலிருந்து முனியப்பன் வாய் திறக்கவில்லை. மாரிகுப்பம் ஸ்டேஷன் பக்கம் கால் போன போக்கில் நடந்தவனைப் போலீஸ் பிடித்து வந்து மைன் ஆஸ்பத்திரியில் விட்டிருந்தது. டாக்டர் தன் கண்ணால் பைத்தியத்தின் ஓர் அறிகுறியாவது கண்டு எழுதினால்தான் மாஜிஸ்திரேட் அவனைப் பெங்களூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இல்லையென்றால் பெண்டாட்டி கங்கம்மாவோடு வீட்டுக்குப் போகலாம். நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. கங்கம்மா கூப்பிய கையை இறக்காமல் நின்றாள்.

பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வால்டர் இருந்தான். ஆஸ்பத்திரிக் கிளார்க், சட்டைக்காரன் என்கிற ஆங்கிலோ இந்தியன். தமிழை வீட்டுச் சமையல்காரியிடம் கற்றவன். சோறு கேட்கவும் வண்டி கூப்பிடவும் அது போதும்.

"உன் புருசன் பேர் இன்னா?"

கங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். அக்கம்பக்கத்தார் யாராவது இருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். எல்லோரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள்.

"நான் சொல்லக் கூடாதுங்க தொர. சாமி பேருதாங்க. எங்க ஊரு எல்லைல நிக்கிற சாமி."

"சாமி," என்றான் வால்டர் டாக்டரிடம். மற்றது அவனுக்குப் புரியவில்லை.

டாக்டர் முனியப்பனின் முதுகுப் பக்கம் போய் நின்றார். "சாமி," என்று கூப்பிட்டார். முனியப்பன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். டாக்டர் இன்னும் உரக்க, "சாமி, சாமி," என்றார். வெள்ளைக்காரராக இருந்தாலும் துரைக்கு எவ்வளவு பக்தி என்று கங்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, காப்பாத்து," என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது டாக்டர் எழுதி முடித்திருந்தார்.

"ஊட்டுக்கு இட்டுனு போவட்டுங்களா?"

"அவனுக்கு சொந்தப் பேரே தெரியல. பைத்தியம்தான். நாளைக்கு பெங்களூர் போறான்," என்றான் வால்டர்.

கங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. துரை சாமியைக் கும்பிடவில்லை, தன் புருஷனைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"ஐயோ, அது அவுரு பேரில்லீங்க."

"அப்போ இன்னா பேர்? சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். பேர் தொண்டைவரை வந்தது. சொன்னால் ஆயுசு போகும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வால்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரின் பின்னால் போய்விட்டான்.

மறுநாள் மாரிகுப்பத்தில், ரயிலில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே முனியப்பன் குனிந்து உட்கார்ந்திருந்தான். விசில் ஊதி வண்டி நகர்ந்தது. கங்கம்மா கூடவே ஓடினாள். தாலியை ஒரு கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முனியப்பா!"

பிளாட்பாரத்தில் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஜன்னலில் அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. வெளியே எட்டிப் பார்த்தான். அவன் பார்வை கங்கம்மாவின் முகத்தில் பட்டு, அவளாக இருக்க முடியாது என்பதுபோல் அவளைத் தாண்டிப் போய், கூப்பிட்டது யார் என்று கூட்டத்தில் தேடியது.