அத்தாவின் நெஞ்சுப் பட்டை

பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்கிற இடத்தில் அப்துல் வஹீத் மயங்கி விழுந்தார். தி.நகரில் சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிவந்து கடை நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் கண்ணைத் திறந்து, "வெயிலுப்பா, வேற ஒண்ணுமில்ல" என்றுவிட்டார். வெயில்மேல் பழிபோடுவது சென்னைக்காரர்களுக்குக் கைவந்த கலை.

அடையாறு அலுவலகத்திலிருந்து மகள் ஜுவேரியா ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். அத்தாவின் நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டை அவள் கம்பெனியில் செய்தது. ஏற்கெனவே இரண்டு முறை இப்படி விழுந்திருக்கிறார். மயங்குகிற நேரத்தில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று தெரிந்தால்தான் பேஸ்மேக்கர் வேண்டுமா என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அதற்காகத்தான் பட்டை.

அதற்குள் இருப்பது பொட்டளவு பேட்டரி. ஒவ்வொரு துடிப்பையும் அப்போதைக்கப்போது அனுப்பிக்கொண்டிருந்தால் தாங்காது. எனவே துடிப்புகளைச் சேர்த்துவைத்து, போன் பக்கத்தில் இருக்கும்போது புளூடூத் வழியாக மொத்தமாகக் கொட்டிவிடும். அந்த புரோகிராமை எழுதியவளே ஜுவேரியாதான். நடுவில் தொடர்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து அனுப்பு என்று எழுதியிருந்தாள். நடுவில் யார் போனை அணைக்கப்போகிறார்கள்?

அவள் அத்தா அணைப்பார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் போனை அடியோடு அணைத்துக் கல்லாவில் போட்டுவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குக் கிளம்புவார். ஐந்து வேளையும் அதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது படித்தவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான். பட்டை பாவம், சாண் ஏறி முழம் சறுக்கி, அனுப்பியதையே அனுப்பிப் பேட்டரியை அநேகமாகத் தீர்த்திருந்தது. பேட்டரி போனால் உள்ளே இருப்பதும் போய்விடும். மயக்கம் வந்த நிமிடமோ வரிசையின் கடைசியில் நின்றது.

கல்லாவிலிருந்த போனை உயிர்ப்பித்து அவர் நெஞ்சருகே பிடித்தாள். போனுக்கு வருவது அவள் லேப்டாப்பில் தெரிந்தது. பாதிகூட வரவில்லை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. வஹீதின் கை தானாகப் போனுக்கு நீண்டது.

"வேணாம் அத்தா. இப்ப அணைச்சா திரும்ப முதல்லர்ந்து போவும். அதுக்கு பேட்டரி இல்ல."

"பாங்கு சொல்றாங்கமா."

"இங்கயே உக்காந்து தொழுங்க. போன் பாக்கெட்ல இருக்கட்டும்."

"ஆன்ல வெச்சுக்கினு தொழுகையா? இன்னாமா பேசற நீ?"

"எனக்கு பயமா கீது அத்தா."

அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேன் தண்ணீரில் ஒளு செய்தார். ஜுவேரியா நாற்காலியை மேற்கே கிப்லா பக்கம் திருப்பிப் போட்டாள்.

அவர் தொழத் தொடங்கினார். நடுவில் போன் அடித்தது. யாரோ சூட்கேஸ் ஜிப் அறுந்துபோன புண்ணியவான். வஹீதின் முகம் சுருங்கியது, கை அசையவில்லை. ஜுவேரியா ஏறுகிற எண்ணைப் பார்த்தபடி தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் முணுமுணுத்தாள்.

அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கையில் கடைசித் துண்டும் வந்து சேர்ந்தது. பட்டையின் விளக்கு அணைந்தது.

"வந்துடுச்சாமா?"

"இருங்க அத்தா, பாக்கறேன்."

விழுந்த நிமிடத்தைத் தேடி எடுத்தாள். துடிப்பு, துடிப்பு, பிறகு துடிப்பே இல்லாமல் நீளமாய் ஒரு நேர்கோடு. அப்புறம் மறுபடியும் துடிப்பு.

அனுப்பியதில் கொஞ்சம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தன் புரோகிராம்தானே, எதையாவது தவறவிட்டிருக்கும். இல்லாவிட்டால் அத்தாவின் இதயமே நின்றிருக்க வேண்டும். துண்டுகளின் வரிசை எண்களைச் சரிபார்த்தாள். ஒன்றும் விடுபடவில்லை. விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு முறை பார்த்தாள். தான் எழுதியதில் தப்பு வந்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனை வருஷமும் பயந்திருக்கிறாள். இன்று தப்பு தன்னுடையதாகவே இருக்கட்டும், யா அல்லாஹ், என்று கெஞ்சினாள்.

எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.