கழுகுக்கண்ணரின் நாக்கு

அந்த ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டருக்குக் கழுகுக்கண்ணர் என்று பேர். வைத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். நோயாளி வாசலில் கால் வைக்கும்போதே வியாதி இன்னதென்று சொல்லிவிடுவாராம். சொல்லிக்கொள்ள என்ன காசா பணமா?

கைநடுக்கத்துக்கு வந்த புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை, போயும் போயும் இந்த மனிதரிடம் கொடுத்திருந்தார்கள். நாற்பது நோயாளிகள், ஆளுக்கொரு டப்பா, ஒவ்வொன்றிலும் ஆறு மாதத்துக்கு வேண்டிய மாத்திரை. பாதி டப்பாக்களில் மருந்து, மீதியில் வெறும் மாவு. எதில் எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, மார்க் போடுகிற டாக்டருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். இது நர்ஸுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. சுவர் கொள்ளாமல் பட்டம் மாட்டியிருந்தவருக்குத்தான் புரியவில்லை.

"இந்த விதியெல்லாம் பார்க்கத் தெரியாதவங்களுக்கும்மா" என்றார்.

சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அவருடைய கூடப்பிறந்த அக்காவே பதினேழாம் நம்பர் நோயாளி. பள்ளிக்கூட டீச்சர். கரும்பலகையில் ஒரு வரி நேராக வராமல் லீவில் இருந்தாள். ஆறு மாதத்துக்குள் கை சரியாகாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பதினெட்டாம் நம்பர் ஒரு தையல்காரர்.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு வந்த தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, நூலை ஒரே குத்தில் கோர்த்துக் காட்டினார். மனிதருக்கு முகமெல்லாம் பல். கழுகுக்கண்ணர் அதைப் பார்த்துக்கொண்டே தாளில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதினார். அடுத்து வந்த அக்கா, தண்ணீர் டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைப் புடவையில் கொட்டிக்கொண்டாள். அவளுக்கு "நல்ல முன்னேற்றம்". காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அக்கா போனதும், "என்ன சார் இது?" என்றாள் நர்ஸ்.

அவர் கதவைச் சாத்திவிட்டு, ஏதோ பெரிய சாதனையைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆரம்பத்துலயே ரெண்டு டப்பாவையும் நாக்குல வச்சுப் பார்த்தேன். ஒண்ணுல கசப்பு தூக்கல். மருந்துதானே கசக்கும்? அது தையல்காரருக்குப் போறதா இருந்துச்சு. லேபிளை மாத்தி ஒட்டி அக்காவுக்குக் குடுத்துட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு ஏப்பமும் விடுகிறது. நர்ஸ் எழுந்துபோய், சோதனையை நடத்துகிற குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். அந்தத் தையல்காரரை நினைத்துத்தான் எழுதினாள்.

மறுவாரம் குழுவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். டாக்டரையும் அக்காவையும் நர்ஸையும் உட்காரவைத்து, முத்திரையிட்ட உறையைப் பிரித்தார். எந்த நம்பருக்கு எது என்று உள்ளே இருந்த பட்டியலை இரண்டு தடவை படித்தார்.

"மருந்து லேசா கசக்கும். வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு மாவுலயும் கசப்பு கலந்தோம். கலக்கும்போது கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு." பிறகு டாக்டரைப் பார்த்தார். "உங்க அக்காவுக்கு விழுந்தது மருந்து. நீங்க மாத்திக் குடுத்தது மாவு."

கழுகுக்கண்ணர் தொண்டையைக் கனைத்தார். "சுவையில வித்தியாசம் விட்டது உங்க தப்பு" என்றார். அப்போதும் அந்த வாய்க்கு வெட்கமில்லை.

அக்கா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் உயரவில்லை.

"முன்னேற்றம்னு நீ சொன்னியேன்னு, நடுக்கம் என் மனசுலதான் இருக்குன்னு நினைச்சு கிளாஸுக்குப் போனேன்டா. பிள்ளைங்க சிரிச்சிட்டாங்க. முந்தாநேத்து வேலைய விட்டுட்டேன். லெட்டர்ல கையெழுத்து வரல. முப்பது வருஷம் எழுத்து சொல்லிக் குடுத்தவ, கைநாட்டு வச்சுட்டு வந்தேன்."